எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? - போதைப்பொருள் கடத்தலும் உலக நாடுகளின் ஒத்துழைப்பும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 26 வந்துவிட்டால் பள்ளி, கல்லூரிகளில் போதைப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. மாணவர்கள் பதாகை ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வருகிறது. அத்தோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது.

அந்தத் தேதி எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1987-ஆம் ஆண்டு ஜூன் 17 முதல் 26 வரை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஐ.நா. ஒரு மாநாடு நடத்தியது. அது முடிந்த நாளைத்தான் ஐ.நா. பொதுச்சபை அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேச தினமாக அறிவித்தது. அந்த மாநாட்டின் பெயரிலேயே இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று போதைப் பழக்கம், மற்றொன்று சட்டவிரோதக் கடத்தல். ஊர்வலப் பதாகைகளில் இருப்பதெல்லாம் முதலாவது மட்டுமே. "போதையைத் தொடாதே" என்று ஓர் இளைஞனிடம் சொல்வது எளிது. அந்தப் பொட்டலம் அவன் கைக்கு வந்து சேருமுன் எத்தனை நாடுகளின் எல்லையைத் தாண்டி வந்தது, அத்தனை நாடுகளும் சேர்ந்து என்ன செய்துகொண்டிருந்தன என்று கேட்பதுதான் கடினம்.

கேட்க வேண்டிய நேரம் இது. ஐ.நா.வின் 2025-ஆம் ஆண்டு உலகப் போதைப்பொருள் அறிக்கையின்படி, 2023-இல் 31.6 கோடிப் பேர் ஏதாவது ஒரு போதைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் இது நூற்றுக்கு ஆறு பேர். அதே ஆண்டில் உலகின் கோகோயின் உற்பத்தி 3,708 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. இதற்கு எதிரான சர்வதேச உடன்படிக்கைகளில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன. இத்தனை பேர் ஒன்று கூடியும் தேர் ஏன் நகரவில்லை? எல்லோரும் வடத்தைப் பிடித்திருக்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்பதே உண்மை.

ஒரு சரக்குப் பெட்டகத்தின் பயணம்

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர்கள் சோதிக்கப்பட்டன. ஆவணங்களில் இருந்தது டால்க் கற்கள். உள்ளே இருந்தது ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின். சரக்கு ஆப்கானிஸ்தானில் கிளம்பி, ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, குஜராத்தில் இறங்கியது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி ஆந்திர மாநிலம் விஜயவாடா.

இந்த வழியை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தால் பிரச்சினையின் முழு வடிவமும் தெரியும். கசகசாச் செடி முளைத்தது ஒரு நாட்டில். அபினை ஹெராயினாக மாற்றத் தேவையான அசெட்டிக் அன்ஹைட்ரைடு என்ற ரசாயனம் வேறு நாடுகளின் தொழிற்சாலைகளில் தயாராவது. கப்பல் கிளம்பியது மூன்றாவது நாட்டில். பிடிபட்டது நான்காவது நாட்டில். பணம் எந்த வழியாக எங்கே போயிருக்கும் என்பது வேறு கதை. ஒவ்வொரு நாட்டுப் போலீசாருக்கும் தெரிவது அந்தக் கதையின் ஒரு துண்டு மட்டும்தான். யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதைதான் இது. கடத்தல்காரனுக்கு மட்டும் முழு யானையும் தெரியும்.

ஆகவே ஒரு நாடு தன் எல்லைக்குள் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் போதாது. ஒத்துழைப்பு என்பது இந்த விஷயத்தில் நல்லெண்ணத்தால் செய்யும் உதவி அல்ல, அது இல்லாமல் எந்த வழக்கும் முழுமை அடையாது.

விற்றவனே கதவைச் சாத்தியபோது

இந்த ஒத்துழைப்பின் வரலாறு விசித்திரமானது. 19-ஆம் நூற்றாண்டில் உலகின் மிகப் பெரிய போதை வணிகத்தை நடத்தியது ஏதோ ஒரு கொள்ளைக் கூட்டம் அல்ல, பிரிட்டிஷ் அரசின் நிழலில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிதான். 1773-இல் வங்காளத்தின் அபின் கம்பெனியின் ஏகபோகமானது. கங்கைச் சமவெளியில் விவசாயிகள் முன்பணம் வாங்கிக் கசகசா பயிரிட்டார்கள். அபின் பெட்டி பெட்டியாகக் கல்கத்தாவில் ஏலம் விடப்பட்டு, சீனாவின் தடையை மீறி அங்கே இறக்கப்பட்டது. 1839-இல் சீன அதிகாரி லின் செக்சு 20,000 பெட்டிகளுக்கு மேல் பறிமுதல் செய்து அழித்தார். பதிலுக்குப் போர் வந்தது. தோற்ற சீனா ஹாங்காங்கை இழந்தது.

ஆனால் அதே பிரிட்டன் 1907-இல் சீனாவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து போகும் அபின் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு குறைக்கப்படும், சீனாவும் தன் மண்ணில் கசகசா சாகுபடியை அதே வேகத்தில் குறைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சீனா சொன்னபடி செய்கிறதா என்று பார்க்க பிரிட்டிஷ் அதிகாரி மாகாணம் மாகாணமாகப் பயணம் செய்தார். 1913-இல் இந்திய அபின் சீனாவுக்குப் போவது நின்றது. இதற்கிடையே 1909-இல் ஷாங்காயில் 13 நாடுகள் கூடிப் பேசின. 1912-இல் ஹேக் நகரில் முதல் சர்வதேச அபின் உடன்படிக்கை கையெழுத்தானது.

இந்தப் பழைய கதையில் இன்றைக்கும் பொருந்தும் பாடம் ஒன்று உண்டு. 1907 உடன்பாடு பலித்ததற்குக் காரணம் மூன்று. இரு தரப்பும் விட்டுக்கொடுத்தன. அளவு, காலக்கெடு இரண்டும் எழுதப்பட்டன. ஒருவர் மற்றவரைச் சோதிக்க அனுமதித்தார்கள். பின்னாளில் சீனாவின் மத்திய அரசு சிதறி, படைத்தலைவர்களின் ஆட்சி வந்ததும் கசகசா மீண்டும் பூத்தது என்பது வேறு. அரசே இல்லாத இடத்தில் எந்த ஒப்பந்தமும் நிற்காது என்பது அதிலிருந்து கிடைக்கும் இரண்டாவது பாடம்.

மூன்று உடன்படிக்கைகள்

இன்றைய ஒத்துழைப்பு மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளின் மேல் நிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் உடன்படிக்கை அபின், கோக்கா, கஞ்சா போன்றவற்றை மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் மட்டும் என்று வரையறுத்தது. 1971-ஆம் ஆண்டு வந்தது மனநிலையை மாற்றும் செயற்கை மருந்துகளைப் பற்றியது. மூன்றாவதான 1988-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைதான் கடத்தலை நேரடியாகக் குறிவைத்தது.

அதில் என்ன இல்லை? குற்றவாளிகளை ஒப்படைத்தல், வழக்குகளில் சாட்சியங்களைப் பரிமாறிக்கொள்ளுதல், சொத்துப் பறிமுதல் எல்லாம் இருக்கின்றன. வங்கி ரகசியத்தைக் காரணம் காட்டி எந்த நாடும் பறிமுதலுக்கு ஒத்துழைக்க மறுக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. ஹெராயின், கோகோயின் தயாரிக்கத் தேவைப்படும் ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. பிடித்த சரக்கை உடனே கைப்பற்றாமல், கண்காணிப்பில் போகவிட்டு, கடைசியில் வாங்க வருபவனைப் பிடிக்கும் முறைக்கும் இடம் உண்டு. நடுக்கடலில் வேறு நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில் சந்தேகம் வந்தால், அந்த நாட்டின் அனுமதி பெற்று ஏறிச் சோதிக்க 17-ஆவது பிரிவு வழி சொல்கிறது.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. 1986-இல் மத்திய போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு அமைக்கப்பட்டது. கட்டுப்பாடு என்றால் முழுத் தடை என்று பொருளல்ல என்பதற்கும் இந்தியாவே உதாரணம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற விவசாயிகள் இன்றும் கசகசா பயிரிட்டு அபினை அரசுக்குக் கொடுக்கிறார்கள். கம்பெனி காலத்தில் 1820-இல் தொடங்கிய காஜிப்பூர் அபின் தொழிற்சாலை இன்று வலி நிவாரண மருந்துகளுக்கான மூலப்பொருள் தருகிறது. ஒரே செடி, ஒரே ஊர். யார் கையில், எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதுதான் விஷமா மருந்தா என்பதைத் தீர்மானிக்கிறது.

சட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, அதில் எந்தப் பிரிவை நாடுகள் ஆர்வமாகப் பயன்படுத்துகின்றன, எதைத் தூசு படிய விட்டிருக்கின்றன என்பதில் இருக்கிறது.

புற்றை அடித்தால் பாம்பு சாகுமா?

நாடுகள் மிக ஆர்வமாகச் செய்தது செடியை அழிப்பது. படம் எடுக்க வசதியானது, எத்தனை ஹெக்டேர் என்று கணக்குச் சொல்லவும் வசதியானது.

1960-களில் துருக்கியில் விளைந்த அபின் பிரான்சின் மார்சேய் நகரில் ஹெராயினாகி அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்கா கொடுத்த அழுத்தத்தாலும், விவசாயிகளின் நஷ்டஈட்டுக்காகத் தருவதாகச் சொன்ன 3.5 கோடி டாலராலும் துருக்கி 1971-இல் கசகசாவுக்குத் தடை அறிவித்தது. விவசாயிகள் கொதித்தார்கள். 1974-இல் தடை நீக்கப்பட்டது. ஆனால் இந்த முறை ஒரு மாற்றம். காயைக் கீறிப் பால் எடுக்கக்கூடாது, முழுக் காயாகவே அரசுக்கு விற்க வேண்டும். கீறாத காயிலிருந்து வீட்டில் அபின் எடுக்க முடியாது, ஆலையில் மட்டுமே மருந்து எடுக்க முடியும். துருக்கியில் கள்ளச் சந்தைக்கு அபின் கசிவது ஏறக்குறைய நின்றுபோனது. விவசாயியின் வயிற்றில் அடிக்காமல் பிரச்சினையைத் தீர்த்த அரிய உதாரணம் இது. அதே வேளையில் அமெரிக்காவுக்கு ஹெராயின் வருவது நின்றதா என்றால் இல்லை. மெக்சிகோவும் தென்கிழக்கு ஆசியாவும் அந்த இடத்தை நிரப்பின.

தாய்லாந்து இன்னொரு நல்ல உதாரணம். 1969-இல் தொடங்கிய அரச திட்டம் வடக்கு மலைவாழ் மக்களுக்குக் காப்பி, பழமரங்கள், காய்கறி என்று மாற்றுப் பயிர் கொடுத்தது. சாலையும் பள்ளிக்கூடமும் போயின. கசகசா மறைய முப்பது ஆண்டுகள் ஆயின. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் மியான்மரில் உள்நாட்டுப் போர் ஓயவில்லை, கசகசாவும் ஓயவில்லை.

ஆப்கானிஸ்தானில் தாலிபான் 2022 ஏப்ரலில் கசகசாவுக்குத் தடை விதித்தது. 2022-இல் 2,33,000 ஹெக்டேராக இருந்த சாகுபடி 2023-இல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது. வரலாற்றில் இவ்வளவு வேகமான வீழ்ச்சி அரிது. ஆனால் அபின் விற்ற விவசாயிகளின் வருமானமும் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராக விழுந்தது. அந்தக் குடும்பங்கள் என்ன சாப்பிடும் என்ற கேள்விக்கு எந்த நாடும் சரியான பதில் சொல்லவில்லை. அதே 2023-இல் 1,080 டன் அபினுடன் மியான்மர் உலகின் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கொலம்பியாவில் 2000-இல் அமெரிக்க உதவியோடு பெரிய திட்டம் தொடங்கியபோது கோக்கா சாகுபடி சுமார் 1,63,000 ஹெக்டேர். விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளித்தார்கள். 2013-இல் 48,000 ஹெக்டேர் வரை குறைந்தது. 2023-இல் 2,53,000 ஹெக்டேர்! தொடங்கிய இடத்தையும் தாண்டிவிட்டது.

செடி அழிந்தாலும் தேவை அழிவதில்லை, லாபம் அழிவதில்லை. இப்போது செடியே தேவைப்படாத காலமும் வந்துவிட்டது. ஃபென்டனிலும் மெத்தம்பெட்டமைனும் ரசாயனக் கூடத்தில் தயாராகின்றன. 2019 மே மாதம் சீனா ஃபென்டனில் வகை முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நேரடியாக அனுப்பப்படுவது குறைந்தது. மூல ரசாயனங்கள் மெக்சிகோவுக்குப் போய் அங்கே ஃபென்டனில் தயாராவது கூடியது. அமெரிக்காவில் 2021 முதல் 2023 வரை ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அளவுக்கு மீறிய போதையால் இறந்தார்கள். களைக்கொல்லி தெளிக்க அங்கே எந்த வயலும் இல்லை.

அம்பும் எய்தவனும்

அடுத்ததாக, நாடுகள் ஆர்வமாகப் பிடிப்பது சுமந்து வருபவனை. சென்னையில் இவர்களைக் "குருவி" என்பார்கள். கடனில் மூழ்கியவன், வேலை தேடிப் போனவன், பெட்டியில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாதவன் எனக் குருவிகளில் பல வகை உண்டு. பிடிபட்டால் அவனுக்குத் தெரிந்தது ஒரு கைப்பேசி எண் மட்டும்தான். அந்த எண்ணும் அன்று மாலையே அணைந்துவிடும்.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. 2009-இல் சுமார் 42 கிராமுடன் பிடிபட்ட ஒரு மலேசியத் தமிழ் இளைஞர் 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் குறைவானது என்று மருத்துவர்கள் அளவிட்டதையும், உலகெங்கும் எழுந்த கருணைக் கோரிக்கைகளையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. பொட்டலத்தை அவர் தொடையில் கட்டி அனுப்பியவன் அந்தக் கூண்டில் நிற்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் இன்னொரு வழக்கை வைத்துப் பார்க்க வேண்டும். எச்.எஸ்.பி.சி. வங்கி தன் கட்டுப்பாடுகளைச் சரியாக வைத்திருக்காததால், மெக்சிகோ, கொலம்பியா கடத்தல் கும்பல்களின் 88.1 கோடி டாலராவது அதன் வழியாக வெள்ளையாக்கப்பட்டது என்று அமெரிக்க நீதித்துறை 2012 டிசம்பரில் சொன்னது. வங்கி 190 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. வங்கி அதிகாரி ஒருவர்கூட அதற்காகச் சிறைக்குப் போகவில்லை. 42 கிராமுக்குக் கயிறு, 88 கோடி டாலருக்கு அபராத ரசீது!

சிங்கப்பூரின் சட்டம் தன் மக்களைக் காக்கவே என்று அந்த அரசு சொல்கிறது. போதையால் சிதைந்த குடும்பங்களைக் கண்டவர்களுக்கு அந்த வாதத்தின் வலி புரியும். ஆனால் கடுமை எப்போதும் கடைசிப் படியில் நிற்பவன் மேல் மட்டும் விழுந்தால், மேல்படியில் இருப்பவனுக்கு அது வெறும் வியாபாரச் செலவு. ஒரு குருவி போனால் அடுத்த குருவி. ஐ.நா.வின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, உலகில் குற்றங்களால் புழங்கும் பணத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூடப் பறிமுதல் ஆவதில்லை என்று மதிப்பிட்டது. நூறு ரூபாயில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பத்திரமாக வீடு சேரும் தொழிலை யார் விடுவார்கள்?

கடலில் நடப்பது

தமிழகக் கரைக்கும் இதில் பங்கு உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். இந்தப் பக்கமிருந்து படகில் போகும் கஞ்சாவை இலங்கைப் பத்திரிகைகள் "கேரள கஞ்சா" என்று எழுதுகின்றன. எங்கே விளைந்திருந்தாலும் பெயர் அதுதான். 2021 மார்ச்சில் மினிக்காய் தீவுக்கு அருகே இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்த இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.-47 துப்பாக்கிகளும் இருந்தன. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றில் ஐந்தரை டன்னுக்கும் மேல் மெத்தம்பெட்டமைன் பிடிபட்டது.

பாக் நீரிணையில் இரு நாட்டுக் கடற்படைகளும் அன்றாடம் பார்ப்பது மீனவர் பிரச்சினையைத்தான். மீன் பிடிக்கப் போனவன் கைதாகும் கோபம் ஒரு பக்கம், தன் கடல் வளம் போகிறதே என்ற கோபம் இன்னொரு பக்கம். இந்தச் சண்டை தீராதவரை, "அந்தப் படகில் சந்தேகம் இருக்கிறது" என்று கடலோரத்து மீனவன் அதிகாரியிடம் வந்து சொல்வான் என்று எதிர்பார்க்க முடியாது. கடலில் முதலில் பார்ப்பவன் அவன்தான். அவனுடைய நம்பிக்கையை இழந்துவிட்டு ரேடார் வாங்கி என்ன பயன்?

சரியாக நடந்த உதாரணமும் இருக்கிறது. அட்லாண்டிக் கடலில் கோகோயின் கப்பல்களைக் கவனிக்க ஏழு ஐரோப்பிய நாடுகள் 2007-இல் லிஸ்பனில் ஒரு பொது மையம் அமைத்தன. போலீஸ், சுங்கம், கடற்படை மூவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து தகவல் பகிர்கிறார்கள். 2020-இல் பிரான்சும் நெதர்லாந்தும் சேர்ந்து, குற்றக் கும்பல்கள் பயன்படுத்திய என்குரோசாட் என்ற ரகசியத் தொலைபேசி வலையமைப்பின் உள்ளே நுழைந்தன. அதன் சர்வர் இருந்தது பிரான்சில், பயன்படுத்தியவர்கள் பல நாடுகளில். 2023 ஜூன் வரை 6,500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சுமார் 90 கோடி யூரோ கைப்பற்றப்பட்டது. வயலையோ குருவியையோ துரத்தாமல், கும்பலின் பேச்சையும் பணத்தையும் பிடித்ததால் கிடைத்த பலன் இது.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா கரீபியன் கடலில் போதைப்பொருள் படகுகள் என்று சொல்லிப் படகுகளைக் குண்டு வீசி அழிக்கத் தொடங்கியது. படகில் இருந்தவர்கள் மாண்டார்கள். ஏறிச் சோதித்து, சரக்கைக் கைப்பற்றி, ஆளைக் கைது செய்து வழக்குப் போடும் 17-ஆவது பிரிவின் வழி இது அல்ல. செத்தவன் சாட்சி சொல்ல மாட்டான். யார் அனுப்பினான், பணம் யாருக்குப் போகிறது என்ற தகவலும் அவனோடு கடலில் மூழ்கிவிடும்.

நம்பிக்கை என்ற முடிச்சு

ஒத்துழைப்பின் மையத்தில் இருப்பது நம்பிக்கை. ஒரு நாடு கொடுக்கும் ரகசியத் தகவல் மறுபக்கம் யார் கைக்குப் போகும்? ஹோண்டுராஸ் நாட்டின் முன்னாள் அதிபர் ஹுவான் ஓர்லாண்டோ எர்னாண்டஸ் பதவியில் இருந்தபோது போதைக்கு எதிரான கூட்டாளியாக அமெரிக்காவால் கருதப்பட்டவர். பதவி போன பிறகு 2022-இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 400 டன்னுக்கு மேல் கோகோயின் கடத்தத் துணைபோனதாகக் குற்றம் நிரூபிக்கப்பட்டு 2024-இல் 45 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். வேலியே பயிரை மேய்ந்த கதை. அது அங்கேயும் முடியவில்லை. 2025 டிசம்பரில் அமெரிக்க அதிபரே அவருக்கு மன்னிப்பு வழங்கி விடுதலை செய்தார். சொந்த நாட்டில் உயிரைப் பணயம் வைத்துச் சாட்சி சேர்க்கும் நேர்மையான அதிகாரி இதைப் பார்த்து என்ன நினைப்பார்?

கொலம்பியாவில் நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியா 1984-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கடத்தல் முதலாளிகள் உள்ளூர்ச் சிறைக்குப் பயப்படவில்லை. அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்படுவோம் என்பதற்குத்தான் பயந்தார்கள். 1991-இல் வந்த புதிய அரசியல் சட்டம் குடிமக்களை ஒப்படைப்பதையே தடை செய்தது. 1997-இல்தான் அது திரும்ப வந்தது. எந்த ஆயுதத்துக்கு எதிரி அதிகம் பயப்படுகிறான் என்பதே எந்த ஆயுதம் கூர்மையானது என்பதைச் சொல்லும். ஒப்படைத்தல், கூட்டு விசாரணை, பணப் பறிமுதல் ஆகியவையே அந்த ஆயுதங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்கிவிட்டால் கடத்தல் ஒழியும் என்பது ஒரு தரப்பு. எல்லோரையும் தூக்கில் போட்டால் ஒழியும் என்பது மறு தரப்பு. ஃபென்டனிலைக் கடையில் விற்க எந்த அரசும் துணியாது. அரை நூற்றாண்டாகக் கடும் தண்டனை கொடுத்தும் சரக்கு குறையவில்லை. இடையே செய்யக்கூடியவை நிறைய உண்டு.

1. பணத்தைத் துரத்த வேண்டும். 1989-இல் அமைந்த நிதி நடவடிக்கைப் பணிக்குழுவில் இந்தியா 2010 முதல் உறுப்பினர். வங்கி, ஹவாலா, மின்னணு நாணயம் மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்கும் விதிகள் வேண்டும். தவறிய வங்கிக்கு அபராதம் போதாது, பொறுப்பான அதிகாரியும் நீதிமன்றம் ஏற வேண்டும்.

2. ரசாயனத்தைக் கவனிக்க வேண்டும். ஏற்றுமதிக்கு முன்பே இறக்குமதி நாட்டுக்கு இணையம் வழியே தகவல் தரும் ஐ.நா. முறை 2006 முதல் இருக்கிறது. பெரிய ரசாயன, மருந்துத் தொழில் உள்ள இந்தியாவும் சீனாவும் இதில் முன்நிற்க வேண்டிய நாடுகள். வயலில் ஆயிரம் விவசாயிகளைத் துரத்துவதைவிட நூறு ஆலைகளின் கணக்கைப் பார்ப்பது எளிது.

3. குருவியைச் சாட்சியாக்க வேண்டும். கொல்லப்பட்டவனிடமிருந்து எந்தத் தகவலும் வராது. மரண தண்டனை இருக்கும் நாட்டுக்கு ஆளை ஒப்படைக்கப் பல நாடுகள் மறுக்கின்றன. அந்தத் தண்டனை ஒத்துழைப்பின் வழியிலேயே கல்லாகக் கிடக்கிறது.

4. விவசாயிக்கு முதலில் சோறு, பிறகு தடை. துருக்கியும் தாய்லாந்தும் காட்டிய வழி அது. வாங்கும் நாடுகள் பணக்கார நாடுகள், விளைவிக்கும் நாடுகள் ஏழை நாடுகள். செலவை யார் ஏற்க வேண்டும் என்பதில் சந்தேகம் வேண்டியதில்லை.

5. நோயாளியை நோயாளியாகப் பார்க்க வேண்டும். போதைக்கு அடிமையானவர்களில் 2023-இல் 12 பேருக்கு ஒருவர்தான் சிகிச்சை பெற்றார் என்கிறது ஐ.நா. மீதி 11 பேரும் நாளைக்கும் வாங்கப் போகிறார்கள். அவர்களுக்காகவே நாளைக்கும் ஒரு படகு கிளம்பும்.

முடிவுரை

1998-இல் ஐ.நா. பொதுச்சபையின் சிறப்புக் கூட்டம், 2008-க்குள் கோக்கா, கஞ்சா, கசகசாவின் சட்டவிரோதச் சாகுபடியை ஒழிக்க அல்லது பெருமளவு குறைக்க வேண்டும் என்று நாள் குறித்தது. நாள் போய்விட்டது, செடி போகவில்லை. இன்னொரு தேதி குறிப்பதால் பயன் இல்லை. எத்தனை கிலோ பிடித்தோம், எத்தனை ஹெக்டேர் அழித்தோம் என்ற கணக்கை நிறுத்திவிட்டு, எத்தனை முதலாளிகள் தண்டனை பெற்றார்கள், எவ்வளவு பணம் பறிமுதலானது, எத்தனை பேர் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார்கள் என்ற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் நாடுகள் ஒன்றிடம் ஒன்று காட்ட வேண்டும். அன்று மாகாணம் மாகாணமாகப் போய்ச் சோதித்தவர்களால் முடிந்தது, செயற்கைக்கோள் காலத்தில் முடியாதா?

அடுத்த ஜூன் 26 அன்றும் மாணவர்கள் ஊர்வலம் போவார்கள். போகட்டும், அது நல்லதுதான். ஆனால் ஒரு பதாகையாவது அரசுகளை நோக்கித் திரும்பி இருக்க வேண்டும். "நாங்கள் தொட மாட்டோம்" என்று உறுதி எடுக்கும் பிள்ளைகளுக்கு, "நாங்கள் விட மாட்டோம்" என்று பதில் உறுதி சொல்ல வேண்டியது உலக நாடுகளின் கடமை. அம்பை மட்டும் ஒடித்துக்கொண்டிருந்தால் எய்பவன் வில்லைக் கீழே வைக்கப்போவதில்லை.